காம்பாக்ட் பிஸ்டல்: ரேஞ்சில் பாதிதான் தெரியும்

"சார், காம்பாக்ட் பிஸ்டல்ல எது நம்பகமானது?"

அமெரிக்காவில் இருக்கும் நம்மாட்கள் சிலர் இன்பாக்ஸில் இதைக் கேட்கிறார்கள். ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போனதை முன்பு ஒரு வரி எழுதியிருந்தேன். அதன் விளைவு.

கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 9 மி.மீ. பிஸ்டல் தடை செய்யப்பட்ட ரகம். சாதாரண லைசென்ஸில் வாங்க முடியாது. ஆனால் உங்கள் மகளோ தம்பியோ அங்கே இருந்தால் இது உங்கள் வீட்டு விஷயம்தான்.

போன வருஷம் என்.ஓ.சி. வாங்கி, லீவு எடுத்து, டெக்ஸாஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தத் தெருவில் ஒரு வீட்டில் திருட்டு நடந்திருந்தது. அத்தான் துப்பாக்கி வாங்கும் முடிவில் இருந்தார். "மாப்ள, நீயும் வா, ரேஞ்சுல மூணையும் சுட்டுப் பார்த்து முடிவு பண்ணலாம்" என்றார்.

டூரிஸ்ட் விசாவில் போனவர் துப்பாக்கியைத் தொடவே அங்கே சட்டத்தில் தடை உண்டு. வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு. அதனால் ஒரு முயலைக்கூட விரட்டாத நான் அன்று அதிகாரபூர்வ வேட்டைக்காரன்!

மூன்று வாடகை பிஸ்டல்கள். மூன்றும் 9 மி.மீ., மூன்றும் காம்பாக்ட். ஒவ்வொன்றிலும் 50 தோட்டா. பிராண்டு பெயர் வேண்டாம், ஏன் என்று போகப் போகப் புரியும்.

முதல் இரண்டில் ஒரு தடங்கலும் இல்லை. மூன்றாவதில், அத்தான் சுடும்போது, காலி உறை வெளியே வராமல் வாயிலேயே மாட்டிக்கொண்டது. "அப்ப இது அவுட்" என்றார்.

பயிற்றுநர் அதே பிஸ்டலை, அதே மேகசினை வாங்கி 20 தோட்டா சுட்டார். ஒன்றுகூட மாட்டவில்லை.

காரணம் எளிது. இந்த வகை பிஸ்டல் தன் உதைப்பின் பலத்தில்தான் அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கிறது. உதைப்பில் மேல்பாகமான ஸ்லைடு பின்னால் போகும், காலி உறையைத் தள்ளும், ஸ்பிரிங் அதை முன்னால் கொண்டுவரும். இதற்குக் கை உறுதியாக நிற்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்து கையும் சேர்ந்து பின்னால் போனால் ஸ்லைடு முழுத் தூரம் போகாது. காம்பாக்டில் ஸ்லைடு குட்டை, எடை குறைவு, ஸ்பிரிங் விறைப்பு. கையின் தளர்ச்சியைப் பொறுத்துக்கொள்ள இடம் குறைவு.

குறி விஷயத்திலும் இதே கதை. முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே 150 மி.மீ. இருந்து, நீங்கள் 1 மி.மீ. விலகினால், 10 மீட்டரில் 6.7 செ.மீ. தள்ளிப் படும். அந்த இடைவெளி 130 மி.மீ. ஆனால் 7.7 செ.மீ. துப்பாக்கி சின்னதாகச் சின்னதாகப் பிழை பெரிதாகும்.

சரி, அந்த 50க்கு 0 என்ற ஸ்கோருக்கு என்ன மதிப்பு?

மருத்துவப் புள்ளியியலில் 'மூன்றின் விதி' என்று ஒன்று உண்டு. புது மருந்தை 50 பேருக்குக் கொடுத்தோம், யாருக்கும் பக்கவிளைவு இல்லை. அப்போ பக்கவிளைவே கிடையாதா? 3ஐ 50ஆல் வகுங்கள். 6 சதவீதம். அதாவது உண்மை விகிதம் 100க்கு 6 வரை இருக்கலாம், 95 சதவீத உறுதியோடு அவ்வளவுதான் சொல்ல முடியும்.

துப்பாக்கிக்கும் இதே கணக்குதான். 'ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் மாட்டாது' என்று சொல்ல வேண்டுமானால் 3,000 தோட்டா தடங்கலில்லாமல் ஓட வேண்டும். யூடியூபில் ஒருவர் இரண்டு டப்பா சுட்டுவிட்டு "பக்கா ரிலையபிள்" என்றால், அவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் சொல்வதற்குத் தரவு இல்லை, அவ்வளவே.

ஆயிரக்கணக்கில் சுட்டுப் பார்த்த கதையும் இருக்கிறது. 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் சிக் சாவர் பி320ஐத் தேர்ந்தெடுத்தது. பெரியது எம்17, காம்பாக்ட் எம்18. இரண்டு தடங்கலுக்கு நடுவே சராசரியாக 2,000 தோட்டா ஓட வேண்டும் என்பது இலக்கு. பென்டகனின் சோதனைப் பிரிவு அறிக்கைப்படி, சாதாரண ராணுவத் தோட்டாவில் எம்17க்குக் கிடைத்தது 343. எம்18க்கு 197. அதே துப்பாக்கிகளில் தோட்டா ரகத்தை மாற்றியதும் தடங்கல் குறைந்தது!

அந்தத் தடங்கல்களில் பாதிக்கு மேல், கடைசித் தோட்டா தீர்ந்ததும் ஸ்லைடு பின்னால் பூட்டி நிற்காததுதான். சுடுபவர் பிடிக்கும் விதத்தில் கை ஒரு சின்ன லீவர் மேல் படுவதை அறிக்கை காரணமாகச் சொன்னது.

ஆக, 'நம்பகத்தன்மை' என்பது துப்பாக்கியின் குணம் மட்டும் இல்லை. துப்பாக்கி, தோட்டா, மேகசின், கை நாலும் சேர்ந்தது. பி.பி. மிஷினில் கை அளவுக்குச் சரியான பட்டையைச் சுற்றாவிட்டால் நல்ல மிஷினும் தப்பாகக் காட்டுவது போல.

இதுவரை சொன்னது பாதி. மீதிப் பாதிக்குத்தான் இந்த இழை.

ஒரு டெஸ்ட்டை நாங்கள் இரண்டு விதத்தில் எடைபோடுவோம். நோய் இருப்பவரை விடாமல் பிடிக்கிறதா? நோய் இல்லாதவரைச் சும்மா விடுகிறதா? முதலாவது சென்சிடிவிட்டி, இரண்டாவது ஸ்பெசிஃபிசிட்டி. ஒன்றை வைத்து மட்டும் டெஸ்ட்டை மெச்ச மாட்டோம்.

துப்பாக்கிக்கும் இரண்டு கேள்வி. சுட வேண்டும்போது சுடுகிறதா? சுடக் கூடாதபோது சும்மா இருக்கிறதா?

ரேஞ்சில் நாம் பார்ப்பது முதல் கேள்வியை மட்டும்.

அதே பி320ஐ எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் தானே வெடிக்கலாம் என்பது 2017 ஆகஸ்டில் பேச்சானது. விழும் வேகத்தில் ட்ரிக்கரின் சொந்த எடையே அதை நகர்த்திவிடும். கம்பெனி எடை குறைந்த ட்ரிக்கரும் சில மாற்றங்களும் செய்து கொடுத்தது. எத்தனை டப்பா சுட்டாலும் இது ரேஞ்சில் தெரிந்திருக்காது.

அதை விடப் பெரிய விஷயம், பழுதே இல்லாத துப்பாக்கி. க்ளாக் 19 போன்றவற்றில் தனியாக ஒரு சேஃப்டி பட்டன் கிடையாது. விரலை வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் தடுப்புகள் விலகும், சுடும். அதுதான் வடிவமைப்பு. ஆனால் யார் விரல் என்று அதற்குத் தெரியாது.

அக்கா பையனுக்கு 6 வயசு. என் போன் பாஸ்வேர்டை ரெண்டே நாளில் கண்டுபிடித்தவன்.

2020ல், அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களின் மரணக் காரணங்களில், வாகன விபத்தைத் தாண்டி துப்பாக்கி முதலிடத்துக்கு வந்தது. விபத்து மட்டுமல்ல, கொலை, தற்கொலை எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு.

நம்மூர் கேஷுவாலிட்டியில் நான் பார்ப்பது தண்ணி பாட்டிலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெயைக் குடித்த குழந்தை. கோபத்தில் பரணில் இருந்த பூச்சிமருந்தை எடுத்த பிள்ளை. அந்தக் கோபம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருந்தது என்பதுதான் பிழைப்பதையும் பிழைக்காததையும் தீர்மானிக்கிறது. அங்கே கைக்கு எட்டுவது துப்பாக்கியாக இருந்தால் ஸ்டமக் வாஷுக்குக்கூட வேலை இல்லை.

இதை அத்தானிடம் சொன்னேன். "திருடன் வந்தா, பூட்டைத் திறக்கவே நேரம் போயிடாதா மாப்ள?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. போகத்தான் செய்யும், சில வினாடிகள். திருடன் வரலாம், வராமலே போகலாம். பையன் தினமும் அந்த வீட்டில்தான் இருக்கிறான்.

அக்கா பேச்சை முடித்து வைத்தாள். "மொதல்ல பொட்டி வரட்டும். அப்புறம் அதுக்குள்ள என்ன வைக்கிறதுன்னு பாக்கலாம்."

அதனால் கேட்டவர்களுக்கு என் பதில்:

வாங்கித்தான் தீருவேன் என்றால், முதல் செலவு சுவரிலோ தரையிலோ போல்ட் அடித்த பூட்டுப் பெட்டிக்கு. துப்பாக்கி காலியாக இருக்கட்டும், தோட்டா தனியாகப் பூட்டி இருக்கட்டும். சாவியும் நம்பரும் பிள்ளைக்குத் தெரியக் கூடாது. வீட்டில் யாருக்காவது மனசு சரியில்லாத காலம் என்றால், அது சரியாகும் வரை துப்பாக்கி அந்த வீட்டிலேயே வேண்டாம்.

அதன் பிறகு பிராண்டு. உங்கள் கைக்கு எது உறுதியாக நிற்கிறதோ, நீங்கள் வாங்கப்போகும் அதே தோட்டாவில் சில நூறு ரவுண்டு எது தடங்கலின்றி ஓடுகிறதோ, அது.

அத்தான் வீட்டுக்குப் பெட்டி வந்து எட்டு மாசம் ஆச்சு. இப்போதைக்கு அதில் பாஸ்போர்ட்டும் அக்கா நகையும் இருக்கின்றன.