மாநிறத்துக்கு ஒரு கிரேயான்

தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் எங்கள் பள்ளி நகலெடுக்கும் இயந்திரத்துக்கு ஓய்வே கிடையாது. தேர்வுத் தாள் அல்ல, எல்லாம் வண்ணம் தீட்டும் தாள்கள். விடுமுறைக்கு முன்பு பிள்ளைகளைச் சத்தமில்லாமல் உட்கார வைக்க ஒரு வழி என்று சக ஆசிரியர்கள் சிலரே சொல்வார்கள். முதலாம் ஆண்டு ஆசிரியையான நான் அப்படி நினைப்பதில்லை. ஏழு வயதுப் பிள்ளை வீட்டைப் பற்றி வாய் திறந்து சொல்லாததை அந்தத் தாளில் சொல்லிவிடும். அதனால் எந்தப் படத்தைக் கொடுப்பது என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி.

இணையத்தில் தேடினால் தீபாவளிப் படங்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் பெரும்பாலும் லெஹங்கா அணிந்த பெண், லட்டுத் தட்டு, வரிசையாக அகல் விளக்குகள். அழகுதான். கிள்ளானிலோ சுங்கை சிப்புட்டிலோ வளரும் நம் பிள்ளைக்குத் தீபாவளி என்றால் தலையில் வழியும் நல்லெண்ணெய், பாட்டியின் முறுக்குக் குழல், பலகார டின், கையில் திணிக்கப்படும் அங்பாவ். அங்பாவ் உறையின் நிறமெல்லாம் பிள்ளைகளுக்கு அத்துப்படி. சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பு, ஹரி ராயாவுக்குப் பச்சை, நமக்குப் பெரும்பாலும் ஊதா. இவையெல்லாம் இருக்கும்படி நானே வரைந்து நகலெடுக்கிறேன். என் ஓவியத் திறமை சுமார்தான். நான் வரைந்த முறுக்குக் குழலைப் பார்த்து ஒருவன், "இது தீயணைக்கிறதா டீச்சர்?" என்று கேட்டான்.

தைப்பூசத்துக்கு நமக்கேற்ற படம் கிடைப்பது இன்னும் கடினம். பத்துமலையை வரைந்து கொடுத்தால் வகுப்பே களைகட்டும். 42.7 மீட்டர் உயர முருகன் சிலைக்குத் தங்க நிறம் வேண்டும். 12 நிறப் பெட்டியில் தங்கம் இருக்காது. மஞ்சளின்மேல் லேசாகப் பழுப்பைத் தேய்த்தால் தங்கம் மாதிரி வரும் என்று கண்டுபிடித்தவன் என் மாணவன்தான். 272 படிகளுக்கும் 2018இல் பல வண்ணம் பூசினார்கள் அல்லவா, அதைப் பார்த்த பிள்ளைகளுக்குப் படிகள் எப்போதும் அப்படித்தான் இருந்தன என்ற நினைப்பு. வெறும் படியாக இருந்த காலத்தைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

ஆனால் எந்தப் பண்டிகைப் படமானாலும் முகம் வரும்போது எல்லாக் கைகளும் ஒரே கிரேயானைத்தான் தேடும். இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த அந்த வெளிர் நிறத்துக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் 'ஸ்கின் கலர்'. மலாயில் 'வார்னா கூலிட்'. "டீச்சர், அவன் ஸ்கின் கலரைத் தர மாட்டேங்கிறான்" என்று தினம் ஒரு புகாராவது வரும். கேட்பவள் கையும் மறுப்பவன் கையும் அந்த நிறத்தில் இல்லை.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவின் கிரேயோலா நிறுவனம் இதே நிறத்தைச் 'சதை' என்ற பொருளில்தான் விற்றுவந்தது. 1962இல் அதைப் 'பீச்' என்று பழத்தின் பெயருக்கு மாற்றியது. 2020இல் மனிதத் தோல் நிறங்களுக்கென்றே 24 கிரேயான்கள் கொண்ட பெட்டியை வெளியிட்டது. பெயர் மாறி இத்தனை ஆண்டுகள் ஆகியும் என் வகுப்பில் பழைய பெயரே புழங்குகிறது. பெட்டியில் அச்சிட்ட பெயரைப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்? பெரியவர்கள் வாயிலிருந்து கற்றதுதானே.

பெரியவர்கள் பேச்சு இன்னொரு குழப்பமும் செய்யும். ஒரு பையன் படத்திலிருந்த மாமாவின் முகம் முழுக்கச் சுத்தச் சிவப்பை அடித்து வைத்திருந்தான். கேட்டால், "பாட்டிதான் சொன்னாங்க, எங்க மாமா நல்ல சிவப்புன்னு." தமிழில் மாநிறம் என்ற அருமையான சொல் இருக்கிறது. அதைத் திருமண விளம்பரத்துக்கு ஒதுக்கிவிட்டோம்.

சென்ற தீபாவளிக்குக் கொடுத்த படத்தில் ஓர் அம்மா மகளுக்கு எண்ணெய் வைத்துவிடுகிறார். ஒரு சிறுமி இருவர் முகத்தையும் அந்த வெளிர் நிறத்தால் தீட்டிக்கொண்டிருந்தாள். "அம்மா இந்த நிறமா இருப்பாங்களா?" என்றேன். "இல்ல டீச்சர். ஆனா இதுதானே ஸ்கின் கலர்" என்றாள். நான் உபதேசம் ஏதும் செய்யவில்லை. எல்லாரையும் கையைத் தாள்மேல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். உங்கள் கை என்ன நிறம்? மைலோ என்றான் ஒருவன். தே தாரிக், கோப்பி ஓ, பாட்டி கருக்கிய முறுக்கு என்று பட்டியல் நீண்டது. பழுப்பை மட்டும் அழுத்தி அடித்தால் முகம் மரக்கட்டை மாதிரி ஆகிவிடும். முதலில் மஞ்சளை மெல்லப் பூசி, அதன்மேல் ஆரஞ்சு, கடைசியில் பழுப்பை வட்ட வட்டமாகத் தேய்க்கக் காட்டிக் கொடுத்தேன். சிறுமி புதுத் தாள் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் அவள் அம்மா வந்தார். "ஏன் டீச்சர், நல்லா சிவப்பா அடிச்சிருந்தாளே, மாத்தச் சொன்னீங்களாமே?" குரலில் கோபத்தைவிட வேறு ஏதோ இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். மகள் பிறந்தபோது மருத்துவமனையில் பார்க்க வந்த உறவினர்கள், "அம்மா நிறம் வந்திடுச்சே" என்றார்களாம். அந்தப் பேச்சு மகள் காதில் விழக் கூடாது என்று ஏழு வருடமாகப் பார்த்துப் பார்த்து வளர்க்கிறாராம்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினேன். முகம் மட்டுமல்ல, நான் வரையாத மூக்குத்தியையும் அந்தச் சிறுமி சேர்த்திருந்தாள். அவர் தம் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். படத்தின் அருகே போய் வெகுநேரம் நின்றார்.

"எந்தெந்தக் கலர் போட்டா?" என்று கேட்டார்.

மஞ்சள், அப்புறம் ஆரஞ்சு, கடைசியில் பழுப்பு என்றேன்.