மாத்திரை தவறிய குரல்

என் பெரியப்பா பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் தண்டலாக இருந்தவர். விடியற்காலைப் பெரட்டில் அவர் பெயர் கூப்பிட்டால், கடைசி லயத்தில் தேநீர் ஆற்றிக்கொண்டிருப்பவருக்கும் கேட்கும் என்பார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகும் அந்தக் குரல் மாறவில்லை. ஓய்வு பெற்றதும் உலு சிலாங்கூரில் உள்ள அம்பாங் பெச்சாவில் சிறிய வீடொன்றை வாங்கிக் குடியேறினார். அங்கே கோயில் கூட்டமோ கல்யாணப் பேச்சோ எதுவானாலும், முதல் வார்த்தை அவருடையதாகவே இருக்கும்.

ஒரு நாள் காலை ஏழு மணியளவில் காய்கறி வாங்கச் சந்தைக்குப் போனவர், நடக்க முடியாமல் தள்ளாடினார். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு யாரையோ கூப்பிட்டார். நாக்குக் குழறியது, சொல் தெளிவாக வரவில்லை. பார்த்தவர்கள் சிரித்தார்கள். “காலையிலேயே ஏத்திட்டாரு போல!” என்றார் ஒருவர். இளமையில் அவர் குடித்தவர்தான். ஆனால், விட்டுப் பதினைந்து ஆண்டுகளாகியிருந்தன. தெரிந்த ஒருவர் அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டு, “தூங்கி எழுந்தா சரியாயிடும்,” என்று சொல்லிப் போனார். தலைசுற்றலும் வாந்தியும் நிற்காததால், பெரியம்மா பக்கத்து வீட்டுக்காரரின் மகிழுந்தில் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது பிற்பகல் இரண்டு மணி.

அவருக்கு வந்திருந்தது பக்கவாதம். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டுச் சிறுமூளையின் ஒரு பகுதி பாதிக்கப்பட்டிருந்தது. கையும் காலும் செயலிழந்து, வாய் கோணிப்போவதையே பக்கவாதம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். சிறுமூளையில் வரும் பக்கவாதத்தில் அந்த அடையாளங்கள் இல்லாமலும் போகலாம். திடீர்த் தலைசுற்றல், தள்ளாட்டம், வாந்தி, குழறிய பேச்சு ஆகியவையே அதன் முக்கிய அறிகுறிகள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நோய்க்குறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். பெரியப்பாவுக்கு அந்த நேரம், ‘போதை தெளியட்டும்’ என்று காத்திருந்ததிலேயே கழிந்துவிட்டது.

அவரைக் குடிகாரர் என்று மற்றவர்கள் எண்ணியதற்கு உடலியல் காரணம் ஒன்று உண்டு. மது அருந்தியவர் தள்ளாடுவதற்கும் நாக்குழறுவதற்கும், மது சிறுமூளையின் வேலையைத் தற்காலிகமாகக் குலைப்பது ஒரு முக்கியக் காரணம். ஆகவே, சிறுமூளை பழுதுபட்டவரும் போதையில் இருப்பவரும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தெரிவர். கள்ளுக்கடையின் நிழலில் பல தலைமுறைகளைக் கடந்து வந்த தோட்டத்து மக்களிடையே இந்தத் தவறான முடிவு இன்னும் எளிதாக எடுக்கப்பட்டுவிடுகிறது.

சிறுமூளை பின்மண்டையின் அடிப்புறத்தில் இருக்கிறது. மூளையின் மொத்த எடையில் அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். ஆனால், மூளையிலுள்ள ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்களில் ஐந்தில் நான்கு பங்கு இந்தச் சிறிய பகுதிக்குள்தான் இருக்கின்றன. நாம் பேச எண்ணும் கருத்தும் அதற்குரிய சொல்லும் பெருமூளையில் உருவாகின்றன. அந்தச் சொல்லை ஒலிக்க மூச்சு, குரல்வளை, நாக்கு, உதடு, தாடை ஆகிய அனைத்தும் குறித்த நேரத்தில், குறித்த அளவில் இயங்க வேண்டும். அந்த நேரத்தையும் அளவையும் சீர்செய்வது சிறுமூளை.

இதை விளக்க அம்பாங் பெச்சா என்ற பெயரே எனக்கு உதவுகிறது. மலாய்மொழியில் அதற்கு ‘உடைந்த அணை’ என்று பொருள். 1883ஆம் ஆண்டு இங்கிருந்த பழைய அணை உடைந்து, கோல குபு நகரை வெள்ளம் அழித்தது. அணை ஆற்றை உண்டாக்குவதில்லை. வரும் நீரை அளந்து விடுகிறது. அணை உடைந்தால் நீரோட்டம் கட்டுப்பாடிழக்கிறதே தவிர, ஆறு இல்லாமல் போவதில்லை. பெரியப்பாவின் நிலையும் இதுதான். அவருடைய அறிவும் நினைவும் மொழியும் அப்படியே இருந்தன. சொல்லை அளந்து விடும் இடம்தான் பழுதுபட்டிருந்தது.

மருத்துவ உலகம் இந்த வகைப் பேச்சை நெடுநாள்களாகவே அறியும். பிரெஞ்சு மருத்துவர் ழான் மார்ட்டின் சார்க்கோ, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நரம்புநோயாளிகள் சிலரிடம் இதைக் கவனித்தார். செய்யுளை அசை அசையாகப் பிரித்து அலகிடுவதுபோல் அவர்கள் பேசுவதாக அவர் விவரித்தார். முதல் உலகப் போரில், தலையின் பின்புறத்தில் குண்டு பாய்ந்த படைவீரர்களை மருத்துவர் கோர்டன் ஹோம்ஸ் ஆராய்ந்தார். சிறுமூளை காயமுற்றோரின் பேச்சு மெதுவாகவும், இழுத்தும், இடையிடையே வெடித்தும் வருவதை அவர் 1917இல் பதிவு செய்தார். பக்கவாதமும் குண்டுக்காயமும் மட்டுமே இதற்குக் காரணமல்ல. மூளைக்கட்டி, பரம்பரை நோய், நீண்டகாலக் குடிப்பழக்கம், சாலை விபத்தில் தலையில் படும் அடி ஆகியவையும் இதை உண்டாக்கலாம்.

அப்பொழுது நான் ஐந்தாம் படிவத் தேர்வை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். அதனால், வாரந்தோறும் பெரியப்பாவைப் பேச்சுச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. சிகிச்சையாளர் ஒரு மலாய்ப் பெண்மணி. மூக்கையும் அவருடைய விரலையும் மாறி மாறித் தொடச் சொன்னார். பெரியப்பாவின் விரல் இலக்கைத் தாண்டிச் சென்றது. ‘ப, த, க’ என்று விரைந்து திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். மூன்று சுற்றுக்குள் ஒலிகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. “அவருடைய நாக்கும் அந்த விரலைப் போலத்தான், எங்கே நிற்க வேண்டுமென்று அதற்குத் தெரியவில்லை,” என்று விளக்கினார். பிறகு, “எனக்குத் தமிழ் தெரியாது. நீளத்தால் பொருள் மாறும் சொற்கள் உங்கள் மொழியில் உண்டா? இருந்தால் பட்டியல் எழுதி வா,” என்றார்.

நான் வீட்டுக்கு வந்து தமிழ் இலக்கண நூலைத் திறந்தேன். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. கண் இமைக்கும் நேரமும் கைந்நொடிக்கும் நேரமுமே மாத்திரையின் அளவு என்று தொல்காப்பியர் வகுத்திருக்கிறார். தேர்வுக்காக மனனம் செய்த அந்த வாய்பாட்டின் பொருள் அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. பெரியப்பாவிடம் குறிலும் நெடிலும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் வந்துகொண்டிருந்தன. அதற்கு முந்தைய வாரம் “பல் வலிக்குது” என்று சொல்ல முயன்றார். முதல் சொல் மட்டுமே காதில் விழுந்த பெரியம்மா, பால் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்தார். இருவருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு, பெரியப்பாவின் கண் கலங்கியது.

பல் – பால், கல் – கால், மலை – மாலை, படு – பாடு, படு – பட்டு. நாற்பது இணைகளைப் பெரிய எழுத்தில் எழுதினேன். காலையில் பெரியம்மா இரத்த அழுத்த மாத்திரையைக் கொடுப்பார். மாலையில் நாங்கள் இலக்கண மாத்திரையைப் பழகுவோம். மூச்சை நன்றாக இழுத்து, இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை நிறுத்தி, மேசையில் விரலால் தட்டிக்கொண்டே பேச வேண்டும். குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு. சில நாள் அவர் சலித்துப்போய்த் தாளைத் தள்ளிவிடுவார். மறுநாள் அவரே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பயிற்சியைவிடக் கடினமாக இருந்தது ஊராரின் போக்கு. அவருக்குக் காது கேட்கவில்லை என்பதுபோல் சிலர் கத்திப் பேசினர். சிலர் குழந்தையிடம் பேசுவதுபோல் கொஞ்சிப் பேசினர். இன்னும் சிலர், அவர் பக்கத்தில் இருக்கும்போதே என்னைப் பார்த்து, “பெரியப்பா சாப்பிட்டாரா?” என்று கேட்டனர். குழறிய நாவைக் கண்டு குழம்பிய அறிவு என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவர் கடைக்குப் போவதை நிறுத்தினார். கோயில் கூட்டத்துக்கும் போகவில்லை.

ஏழு மாதங்கள் கழித்து, ஆண்டுக் கூட்டத்திற்கு அவரே புறப்பட்டார். நான் துணைக்குச் சென்றேன். பேச்சு முடியும் தறுவாயில் கையை உயர்த்தி எழுந்தார். “மண்டபத்துல… பிள்ளைங்களுக்கு…” என்று தொடங்கினார். ஒருவர் குறுக்கிட்டு, “அண்ணன் என்ன சொல்ல வர்றாருன்னா…” என்றார். பெரியப்பா உள்ளங்கையைக் காட்டி அவரை நிறுத்தினார். “நானே… சொல்றேன்,” என்றார். மண்டபம் அமைதியானது. நாற்காலியின் முதுகில் விரலால் தட்டிக்கொண்டே, கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு இரவு வகுப்பு நடத்த வேண்டும் என்பதை நான்கு வாக்கியங்களில் சொல்லி முடித்தார். வழக்கமாக அரை நிமிடத்தில் முடியும் பேச்சுக்கு இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆயின. அந்த வகுப்பு இன்றும் நடக்கிறது.

அவருடைய பழைய குரல் திரும்பவில்லை. பேச்சு இன்றும் மெதுவாகத்தான் வருகிறது. களைத்துவிட்டால் மீண்டும் குழறுகிறது. ஆயினும், சொல்வது புரிகிறது. நம் நாட்டில் இத்தகையோருக்கு உதவி கிடைக்கும் வழிகளும் உண்டு. பக்கவாதத்திலிருந்து மீண்ட ஒரு பெண்மணி 1996இல் தொடங்கிய மலேசியத் தேசியப் பக்கவாதச் சங்கம், மறுவாழ்வுப் பயிற்சிகளை வழங்கி வருகிறது. நம் பல்கலைக்கழகங்களிலும் பேச்சுச் சிகிச்சை கற்பிக்கப்படுகிறது. தமிழறிந்த பேச்சுச் சிகிச்சையாளர்கள் பெருகினால், நம் மொழியின் குறிலையும் நெடிலையும் அறிந்தே பயிற்சி தர முடியும். இன்றைய மாணவர்கள் இத்துறையையும் எண்ணிப் பார்க்கலாம்.

அதற்கு முன், நாம் ஒவ்வொருவரும் இப்போதே செய்யக்கூடியவை சில உள்ளன. திடீரென்று ஒருவர் தள்ளாடி நாக்குழறினால், போதை என்று முடிவு கட்டாமல் 999 எண்ணை அழையுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிளில் ஏறும்முன் தலைக்கவசத்தை முறையாக மாட்டுங்கள். பேச்சுக் குறைபாடு உள்ளவரோடு பேசும்போது அவர் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். புரியவில்லையென்றால் புரிந்ததுபோல் தலையாட்டாமல், மீண்டும் சொல்லும்படி கேளுங்கள். அவருடைய வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். அவர் சொல்ல விரும்புவது அவருக்குத் தெரியும். கொஞ்சம் கூடுதல் நேரம்தான் அவருக்கு வேண்டும்.