ஷாப்ளியின் பழைய பீப்பாய்கள்

பாரிஸின் பெர்சி நிலையத்தில் ரயிலேறி ஓசேரில் இறங்கினால், அங்கிருந்து காரில் அரை மணி நேரத்துக்குள் ஷாப்ளி. வழியெல்லாம் கோதுமை வயல்தான். ஒயின் நாட்டுக்குள் நுழைகிறோம் என்பதற்கு ஓர் அடையாளமும் தென்படாது. கடைசி மேட்டைத் தாண்டியதும் பள்ளத்தாக்கு விரிகிறது: செரன் என்ற ஒல்லியான ஆறு, அதன் கரையில் ஏறக்குறைய 2,300 பேர் வாழும் ஊர், எதிர்க்கரைச் சரிவு முழுக்கத் திராட்சைக் கொடிகள். உலகத்தின் பெரிய உணவகங்களின் ஒயின் பட்டியல்களில் தவறாமல் இடம்பிடிக்கும் பெயர் இது. ஊரைச் சுற்றிவர அரை மணி நேரம்கூட ஆகாது.

வரைபடத்தில் ஷாப்ளி பர்கண்டியைச் சேர்ந்தது. வானிலையிலோ ஷாம்பேனுக்கு உறவு. பர்கண்டி ஒயினின் மையமான போன் நகரம் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். ஷாம்பேன் தோட்டங்களின் தென்கோடி அதைவிடப் பக்கம். குளிர்காலம் நீளம், வசந்தம் நம்பமுடியாதது, கோடை சுருக்கம். இந்தப் பெயரில் விற்கப்படும் ஒயினுக்கு ஒரே ஒரு திராட்சைக்குத்தான் அனுமதி: ஷார்டொனே. பினோ நுவார் என்ற உயர்குடித் திராட்சையும் குவே பிளான் என்ற, யாரும் மதிக்காத நாட்டுத் திராட்சையும் சேர்ந்து பிறந்த பிள்ளை அது என்று 1999இல் மரபணுச் சோதனையில் தெரிந்தது.

பயணி இங்கே வந்தது ஒரு சண்டையைப் பற்றி விசாரிக்க. வெள்ளை ஒயினை ஓக் பீப்பாயில் வைக்கலாமா, கூடாதா என்ற சண்டை. உலகெங்கும் நடப்பதுதான், ஆனால் ஷாப்ளியில் அது குடும்பத் தகராறுபோல நடந்திருக்கிறது.

சண்டையின் ஒரு வேர் அமெரிக்காவில் இருக்கிறது. 1976இல் பாரிஸில், பெயர் மறைத்துச் சுவைத்த ஒரு போட்டியில் கலிபோர்னியாவின் ஷாத்தோ மோன்தலீனா தயாரித்த 1973ஆம் வருட ஷார்டொனே, பர்கண்டியின் பெரிய பெயர்களைப் பின்னுக்குத் தள்ளியது. சுவைத்த நடுவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அதற்குப் பிறகு ஷார்டொனே உலகத்து மோஸ்தர் ஆகிவிட்டது. வெயில் அதிகமான ஊர்களிலெல்லாம் அதை நட்டார்கள், புதிய ஓக் பீப்பாய்களில் ஊற்றினார்கள், பீப்பாய் வாங்கக் காசில்லாதவர்கள் தொட்டியில் ஓக் சில்லுகளைக் கொட்டினார்கள். வெண்ணெய், வனிலா, வறுத்த தேங்காய் என்று மணக்கும் கனத்த ஒயின் வந்தது. கொஞ்ச காலத்தில் சலிப்பும் வந்தது. 1990களில் ஆங்கிலம் பேசும் நாடுகளில் 'ஷார்டொனே தவிர எது வேண்டுமானாலும் கொடு' என்று மேசையில் சொல்வது நாகரிகமாகிப்போனது. போதாக்குறைக்கு, அமெரிக்காவில் பெரிய கண்ணாடிக் குடுவைகளில் விற்ற மலிவான வெள்ளை ஒயினுக்கெல்லாம் 'ஷாப்ளி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அதில் பெரும்பாலும் ஷார்டொனேகூடக் கிடையாது. செரன் ஆற்றங்கரைக்காரர்கள் இதைப் பற்றிப் பேசும்போது இன்றும் முகம் சுளிக்கிறார்கள்.

ஆனால் ஓக் ஷாப்ளிக்கு அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த பழக்கமல்ல. ஃபொயெத் என்ற 132 லிட்டர்ப் பீப்பாய் இந்த ஊரின் சொந்தச் சொத்து. பர்கண்டியின் மற்ற இடங்களில் 228 லிட்டர் வழக்கம். இங்கே அதைவிடச் சிறியது. 12ஆம் நூற்றாண்டில், பக்கத்துப் போன்தின்யி மடத்தின் சிஸ்டெர்சியன் துறவிகள் இங்கே கொடி வளர்த்த காலம்தொட்டு ஒயின் மரத்தில்தான் கிடந்தது, மரத்தில்தான் பயணம் போனது. ஓசேர் வரை வண்டி, அங்கிருந்து யோன் ஆற்றில் படகு, பிறகு பாரிஸ். 19ஆம் நூற்றாண்டில் ரயில் வந்ததும் தெற்கின் மலிவான ஒயின் தலைநகரில் குவிந்தது. கூடவே ஃபிலாக்ஸரா என்ற வேர்ப்பூச்சி கொடிகளை அழித்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஷாப்ளியில் எஞ்சியிருந்தவை ஏறக்குறைய 500 ஹெக்டேர் கொடிகள்தான். இன்று 5,500 ஹெக்டேருக்கு மேல். மீண்டெழுந்த அந்தக் காலத்தில்தான் குளிரூட்டும் வசதிகொண்ட எஃகுத் தொட்டிகளும் வந்தன. கழுவ எளிது, கசியாது, ஒயின் பளிச்சென்று இருக்கும். பலர் பீப்பாய்களை விற்றுவிட்டார்கள்.

ஊருக்குள் ஒரு சிறிய நிலவறை. படியிறங்கும்போதே குளிர் கணுக்காலைப் பிடிக்கிறது. வீட்டுக்காரப் பெண்மணி இரண்டு கிளாஸ்களை வைத்தார். ஒன்று தொட்டியிலிருந்து, மற்றது பீப்பாயிலிருந்து. முதலாவதில் பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், நாக்கின் ஓரங்களைச் சுருக்கும் புளிப்பு. சுத்தமான, நேரான ஒயின், குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் அதே புளிப்புதான். ஆனால் அது கொஞ்சம் அகலமாக இருந்தது. விழுங்கிய பிறகும் வாயில் தங்கியது. பாதாம், புதுரொட்டியின் மேலோடு, எங்கோ துளி தேன். பயணி வனிலாவைத் தேடினார். கிடைக்கவில்லை.

"இதில் ஓக் எங்கே மதாம்?" என்று கேட்டார்.

அந்தம்மா பீப்பாயின் வயிற்றைத் தட்டிக் காட்டினார். "இதற்கு எட்டு வயது. மரம் சொல்ல வேண்டியதையெல்லாம் முதல் மூன்று நான்கு வருடத்தில் சொல்லி முடித்துவிடும். அதற்கப்புறம் சும்மா மூச்சுவிடும், அவ்வளவுதான்."

இதற்குப் பின்னால் ஓர் எளிய வேதியியல் இருக்கிறது. பிரான்ஸின் நடுப்பகுதியில், 17ஆம் நூற்றாண்டு அமைச்சர் கோல்பேர் கப்பல் கட்டுவதற்காகப் பேணச் சொன்ன த்ரோன்சே காட்டின் ஓக் பீப்பாய்க்குப் பேர்போனது. நூற்றைம்பது வயதைத் தாண்டிய மரங்களைப் பிளந்து, பலகைகளை இரண்டு மூன்று வருடம் வெயிலிலும் மழையிலும் போட்டு, பிறகு நெருப்பின் மேல் வளைப்பார்கள். அந்தச் சூட்டில் மரத்திலிருந்து வனிலின் பிறக்கிறது. தேங்காய் மணம் தருகிற லாக்டோன் ஓக்கிலேயே இருக்கிறது. புதிய பீப்பாயில் ஊற்றிய ஒயின் இவை எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். சில அறுவடைகளுக்குப் பிறகு கொடுப்பதற்கு மரத்தில் ஒன்றும் மிச்சமிருக்காது. ஆனால் நுண்துளைகள் வழியே காற்று மிக மெதுவாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அடியில் படிந்த ஈஸ்ட் வண்டல் ஒயினுக்குச் சதைப்பிடிப்பைக் கொடுக்கும். புது மண்சட்டியில் முதல் நாளே குழம்பு வைத்தால் மண்தான் மணக்கும். பழகிய சட்டியில் குழம்பு மணக்கும். ஷாப்ளிக்காரர்கள் பழக்கிய சட்டியைத் தேடுகிறவர்கள்.

குளிர் ஏன் முக்கியம் என்பதும் இந்த இடத்தில்தான் விளங்குகிறது. வெயிலூரில் திராட்சை பழுக்கப் பழுக்க அதன் மாலிக் அமிலம் கரைந்துபோகும். சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். அந்தத் தளர்ந்த ஒயினைப் புதிய பீப்பாயில் போட்டால் எதிர்த்து நிற்க எதுவும் இல்லை. மரம் மொத்தமாக ஆக்கிரமித்துவிடும். குளிரூரில் கதை தலைகீழ். புளிப்பு கூர்மையாக மிஞ்சும். நொதித்தல் முடிந்த பிறகு பாக்டீரியாக்கள் அந்த மாலிக் அமிலத்தைப் பாலில் இருக்கும் லாக்டிக் அமிலமாக மாற்றிய பிறகும், முதுகெலும்பு நிமிர்ந்தே இருக்கும். அந்தக் கூர்மைக்குக் காலமும் காற்றும் வேண்டும். பழைய பீப்பாய் கொடுப்பது அதைத்தான். ஓக் பிடிக்காது என்று சொல்கிறவர்களில் பலருக்குப் பிடிக்காதது புதிய ஓக்கும் போதிய புளிப்பின்மையும்தான் என்பது பயணியின் கட்சி.

ஊர்ச் சண்டையில் இரண்டு பெயர்கள் அடிபடுகின்றன. ஒருவர் வில்லியம் ஃபெவ்ர். புதிய பீப்பாய்களை ஷாப்ளிக்குத் துணிந்து கொண்டுவந்தவர். மற்றவர் ஜான் துரூப். ஒயினில் மரமே படக்கூடாது என்றவர். இவர்களுக்கு இடையே இன்னொரு பெரிய தகராறும் இருந்தது. ஷாப்ளியின் எல்லையை எதுவரை விரிப்பது என்பது அது. கிம்மரிட்ஜியன் என்ற குறிப்பிட்ட சுண்ணாம்பு மண் இருக்கும் இடம் மட்டுமே ஷாப்ளி என்றார் ஃபெவ்ர். சரிவும் தட்பவெப்பமும் ஒத்துவந்தால் போதும் என்றார் துரூப். எல்லை விரிந்தது, துரூப் தரப்பு ஜெயித்தது. வேடிக்கை என்னவென்றால், மண்ணின் தூய்மைக்காகப் போராடியவர்தான் புதிய மரத்தின் மணத்தைச் சேர்த்தார். எல்லையைத் தளர்த்தியவர்தான் ஒயினில் வேறெதையும் சேர்க்காதவர். 1998இல் ஃபெவ்ரின் பண்ணை ஷாம்பேன் குடும்பமான ஆன்ரியோவின் கைக்குப் போனதும், புதிய ஓக் வெகுவாகக் குறைக்கப்பட்டது.

இந்தச் சத்தங்களில் கலந்துகொள்ளாமல் இரண்டு வீடுகள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன: ராவ்னோ, தோவிஸா. இரண்டுமே பழைய பீப்பாய்க்காரர்கள். சிறிய ஃபொயெத்தைக் கைவிடாதவர்கள். ஷாப்ளியில் இன்று அதிகம் தேடப்படுகிற பாட்டில்கள் இவர்களுடையவை. அதே ஊரில் லூயி மிஷேல் என்ற பண்ணை மரத்தை முற்றிலும் ஒதுக்கிவிட்டு, எஃகுத் தொட்டியிலேயே அருமையான ஒயின் செய்கிறது என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது.

ஆற்றைக் கடந்து சரிவில் ஏறினால், ஷாப்ளியின் மிக உயர்ந்த தரமான கிரான் க்ரூ தோட்டங்கள். ஏழு துண்டுகள்: புக்ரோ, ப்ரூஸ், வோதெசிர், கிரெனூய், வால்முர், லே குளோ, பிளான்ஷோ. மொத்தமே ஏறக்குறைய நூறு ஹெக்டேர், எல்லாம் மாலை வெயிலைப் பார்த்துத் தென்மேற்காகச் சாய்ந்தவை. லே குளோவின் பாதையோரம் குனிந்து ஒரு கல்லை எடுத்தால், அதில் நகக்கண் அளவுச் சிப்பிகள் அடையடையாக ஒட்டியிருக்கும். 15 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே வெதுவெதுப்பான ஆழமற்ற கடல் இருந்தது. அதில் வாழ்ந்த, கால்புள்ளி வடிவிலான ஒரு சிப்பி இனத்தின் மிச்சங்கள் இவை. சிப்பி மண்ணில் விளைந்த ஒயின் சிப்பிக்குப் பொருத்தம் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். வேல்ஸில் உள்ள அபரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்துப் புவியியலாளர் அலெக்ஸ் மால்ட்மன் போன்றவர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. கல்லின் சுவை வேர் வழியாகக் கிளாஸுக்கு ஏறிவர வழியே கிடையாது என்பது அவர்கள் வாதம். ஆனாலும் சிப்பியும் ஷாப்ளியும் பொருந்துவது உண்மைதான். புளிப்பும் உப்பும் சேர்ந்தால் எங்கேயும் பொருந்தும். டால்ஸ்டாயின் 'அன்னா கரேனினா'வில் மாஸ்கோ உணவகத்தில் சிப்பி வரவழைக்கிற ஒப்லோன்ஸ்கிகூட ஷாப்ளியைத்தான் கேட்கிறார்.

குளிர் கொடுப்பதைக் குளிரே பறிக்கவும் செய்யும். ஏப்ரலில் மொட்டு விட்டபின் ஓர் இரவு உறைபனி விழுந்தால் அந்த வருடத்து விளைச்சல் போச்சு. 1957இல் அப்படித்தான் கிட்டத்தட்ட ஒன்றுமே மிஞ்சவில்லை. அதன் பிறகு கொடிகளுக்கு நடுவே எண்ணெய் அடுப்புகள் வந்தன, இப்போது பெரிய மெழுகு வாளிகளைக் கொளுத்துகிறார்கள். சில சரிவுகளில் இரவு முழுக்கத் தண்ணீர் தெளிக்கிறார்கள். தண்ணீர் மொட்டின் மேல் பனிக்கட்டியாக உறையும்போது வெளிவிடும் வெப்பம் உள்ளேயிருக்கும் மொட்டைக் காப்பாற்றுகிறது. தெளிப்பதை நடுவில் நிறுத்தினால் நிலைமை இன்னும் மோசம், எனவே விடியும் வரை யாரும் தூங்க முடியாது. 2021 ஏப்ரலில் பிரான்ஸ் முழுக்க அடித்த உறைபனியில் இங்கேயும் பலத்த சேதம். புவி சூடாவது குளிரூருக்கு நல்லதுதானே என்று கேட்பவர்களுக்கு ஷாப்ளிக்காரர்களிடம் பதில் இருக்கிறது: குளிர்காலம் இதமானால் மொட்டு முன்கூட்டியே வரும், ஆனால் ஏப்ரல் இரவுகள் அதற்காகக் காத்திருக்காது. அறுவடையும் முன்னே நகர்ந்துவிட்டது. ஆகஸ்ட் முடிவதற்குள்ளேயே கத்தரி எடுத்த வருடங்கள் உண்டு. ஓக்கைத் தாங்கிநிற்கும் அந்தப் புளிப்பு இன்னும் எத்தனை காலம் என்ற கவலை நிலவறைகளில் ஒலிக்கிறது.

சாப்பாட்டு விஷயத்தில் ஊர் தாராளம். பாலாடைக்கட்டி சேர்த்துச் சுட்ட கூஜேர் என்ற உப்பலான பலகாரம் எங்கும் கிடைக்கும். ஆந்துயெத் என்ற குடல் சாசேஜின் வாடை எல்லாருக்கும் ஒத்துவராது, பயணிக்கும் வரவில்லை. தொட்டியில் வைத்த இளம் ஷாப்ளி சிப்பிக்கும் மீனுக்கும் போதும். க்ரீம் ஊற்றிய கோழிக்கோ, பக்கத்து ஊர்ப் பாலாடைக்கட்டியான ஷவுர்ஸுக்கோ கிரான் க்ரூவுக்கு அடுத்த தரமான, பீப்பாயில் கிடந்த ப்ரெமியே க்ரூ வேண்டும். மோந்தே த தொன்னேர் என்ற சரிவிலிருந்து வந்த, சில வருடம் பாட்டிலில் உறங்கிய ஒன்றை அப்படிச் சாப்பாட்டோடு குடித்த மாலையில், பயணியைப் பொறுத்தவரை சண்டை தீர்ந்துவிட்டது: தொட்டி ஒயின் தாகத்துக்கு, பழைய மரம் மேசைக்கு.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாட்டிலின் லேபிளில் பீப்பாயைப் பற்றிப் பெரும்பாலும் ஒன்றும் எழுதியிருக்காது. கடைக்காரரிடம் 'ஓக் உண்டா' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'புதியதா, பழையதா' என்றும் கேளுங்கள். ப்ரெமியே க்ரூ என்றால் அறுவடையிலிருந்து ஐந்து வருடமாவது போகட்டும். கிரான் க்ரூவுக்கு அதைவிடக் கூடுதல் பொறுமை வேண்டும். ஐஸ் வாளியில் மூழ்கடிக்காதீர்கள், மணம் செத்துப்போகும். 11 அல்லது 12 டிகிரி போதும்.