சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

ஜூன் 3, திங்கள்

பெண்கள் வார்டுக்குப் புதிதாக ஒரு ஸ்டாஃப் நர்ஸ் வந்திருக்கிறாள். முதல் வேலை. ஆம்பூலை உடைக்கும்போது விரல் நடுங்குகிறது. இரண்டு படுக்கை மட்டும் கொடுத்தேன். இந்த வாரம் நான் செய்வதை அவள் பார்ப்பாள். அடுத்த வாரம் அவள் செய்வதை நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் தனியாக. ஆள் பற்றாக்குறை என்று முதல் நாளே 15 பேரை ஒப்படைப்பதைப் பார்த்திருக்கிறேன். கிணற்றில் தள்ளிவிட்டு நீச்சல் பழகச் சொல்வதைப் போலத்தான் அது. இங்கே மூழ்குவது நோயாளி.

ஜூன் 8, சனி

எதைக் கேட்டாலும் "தெரியும்க்கா" என்கிறாள். அந்தச் சொல் என் வயிற்றைக் கலக்குகிறது. புதிதாக வந்தபோது நானும் அதைத்தான் சொன்னேன். தெரியாது என்றால் சீனியர்கள் நோயாளிகள் முன்னாலேயே "என்ன படிச்சிட்டு வந்தே?" என்பார்கள். ஒரு நாள் ஓர் அம்மாவுக்கு இரவு 10 மணி ஆன்டிபயாடிக்கைக் கொடுக்க மறந்தேன். பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அந்த அம்மா நலமாகத்தான் வீடு திரும்பினார். எனக்குத்தான் இன்னும் உறுத்துகிறது.

ஜூன் 14, வெள்ளி

கிளார்ஜின் இன்சுலின், 16 யூனிட். குப்பியில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அவள் கையில் இருந்தது சிவப்பு மூடி சிரிஞ்சு. அது 40 யூனிட் குப்பிக்கானது; 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. அதில் 16-ஆம் கோடு வரை இழுத்தால் 0.4 மில்லி. அதாவது, 40 யூனிட் உடம்பில் இறங்கும். சர்க்கரை தாழ்ந்து நினைவே தப்பலாம். ஊசி போடுமுன் தடுத்துவிட்டேன்.

படுக்கையருகே ஒன்றும் சொல்லவில்லை. மருந்தறைக்குக் கூட்டிப்போய் இரண்டு சிரிஞ்சிலும் தண்ணீர் இழுத்துக் காட்டினேன். அழுதுவிட்டாள்.

"ஏம்மா இதை எடுத்தே?"

"ரெண்டும் ஒரே ட்ரேல இருந்துச்சுக்கா. கேக்கலாம்னு நெனச்சேன். திட்டுவீங்களோன்னு..."

அந்த ட்ரேயை அடுக்கியது நான். ஆரஞ்சு மூடி சிரிஞ்சுகளைத் தனி டப்பாவுக்கு மாற்றினேன். நடந்ததை அவள் பெயர் போடாமல் பதிவேட்டில் எழுதினேன். இனி இன்சுலினை இருவர் பார்த்த பிறகே போட வேண்டும் என்று எல்லோரிடமும் சொன்னேன். அடுத்த நோயாளிக்கு நான் இழுத்த மருந்தை முதலில் அவளிடம்தான் நீட்டினேன்.

ஜூன் 27, வியாழன்

இருவருக்கும் நைட் டியூட்டி. 2 மணிக்கு பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலோடு வந்து நின்றாள்.

"சலைன்ல கலந்துதான் போடணும்னு தெரியும்க்கா. ஆனாலும் ஒருதடவை பாத்துடுங்க."

நேராக நரம்பில் ஏற்றினால் இதயத்தையே நிறுத்திவிடும் மருந்து. கேஸ் ஷீட்டையும் லேபிளையும் இருவரும் வாய்விட்டுப் படித்தோம். 10 மில்லியில் 20 மில்லி ஈக்குவலன்ட். 500 மில்லி சலைனில் கலந்து, பாட்டிலை நன்றாகக் கலக்கி, சொட்டு எண்ணிக்கையை அவளே சரிசெய்தாள். நான் தள்ளி நின்றேன்.

தெரிந்ததையும் கேட்கத் துணிந்துவிட்டாள். நாளை முதல் ஆறு படுக்கை கொடுக்கலாம்.