பெயர் பெறாத புயலும் மூடப்பட்ட படகுத்துறையும்

வர்தா என்றதும் சென்னைக்கு நினைவு வருவது 2016 டிசம்பர் 12. வேரோடு சாய்ந்த மரங்களும் நாள்கணக்கில் வராத மின்சாரமும் அந்தப் பெயரோடு சேர்ந்தே நிற்கின்றன. அதற்கு ஒரு வாரம் முன்பு அதே புயலின் இளம்பருவம் அந்தமானின் ஹேவ்லாக் தீவைச் சூழ்ந்திருந்தது. அப்போது அதற்குப் பெயர் கிடையாது. டிசம்பர் 6இல் அது ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 8ஆம் நாள் புயலாக வலுத்த பிறகே 'வர்தா' ஆயிற்று. அந்த நாள்களில் ஹேவ்லாக்கிலும் அருகிலுள்ள நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் கப்பலின்றிச் சிக்கிக்கொண்டனர். அவர்களை மீட்கக் கடற்படையின் பித்ரா, பங்காரம், கும்பீர் ஆகிய கப்பல்கள் அனுப்பப்பட்டன. அவையும் கடல் சற்றுத் தணியும்வரை காத்திருக்க நேர்ந்தது.

இதனை முன்னறிவிப்பின் தோல்வி என்று எளிதாக எழுதிவிட முடியாது. தாழ்வு மண்டலம் உருவானதும் நகர்ந்ததும் வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கைகளில் இடம்பெற்றிருந்தன. அறிக்கையின் சொற்கள் எதை அளக்கின்றன, கேட்பவர் எதை அறிய விரும்புகிறார் என்ற இரண்டுக்கும் இடையில்தான் சிக்கல் தொடங்குகிறது. உள்ளூர் வானிலை அறிவிப்பின் மீதான நம்பிக்கை பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் கரைகிறது.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாடு காற்றின் வேகத்தை அடிப்படையாகக் கொண்டது. மணிக்கு 31 முதல் 49 கி.மீ. வரை தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62 முதல் 88 வரை புயல். அதற்கு மேல் தீவிரப் புயல். அறிவியலில் 'தாழ்வு' என்பது காற்றழுத்தத்தின் குறைவைச் சுட்டுகிறது. அழுத்தம் குறையக் குறையக் காற்று வலுக்கிறது. அன்றாடத் தமிழிலோ தாழ்வு என்றால் குறைவு, இறக்கம். 'வெறும் தாழ்வு மண்டலம்தான், புயல் இல்லை' என்று பேச்சுவழக்கில் 'வெறும்' வந்து ஒட்டிக்கொள்வது இதனால்தான். வங்காளத்தின் 'நிம்னசாப்' என்ற சொல்லிலும் தாழ்வு இருக்கிறது. இந்தி அறிக்கைகளின் 'அவ்தாப்' சந்தைப் பேச்சில் புழங்காத சொல். நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் குடியமர்த்தப்பட்ட தீவு ஹேவ்லாக். வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு பேசுவோர் அங்கே கலந்து வாழ்கின்றனர். எந்த மொழியின் வழியாகக் கேட்டாலும் அச்சொல் அவர்களுக்கு அபாயத்தின் அளவைக் காட்டுவதில்லை.

2018 டிசம்பர் 30இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றப்பட்ட ஹேவ்லாக், போர்ட் பிளேரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ளது. அங்கே விமான நிலையம் இல்லை. நோயாளி மருத்துவமனைக்குப் போவதும் காய்கறி கடைக்கு வருவதும் பயணி ஊர் திரும்புவதும் படகுத்துறையை நம்பியே நடக்கின்றன. கப்பலைத் தடுப்பது காற்று மட்டுமன்று; அலையும்தான். தொலைவில் நிலைகொண்ட ஒரு தாழ்வு மண்டலம்கூடத் தீவுகளுக்கு இடைப்பட்ட கடலைக் கொந்தளிக்க வைக்கும். காற்றைச் சொல்வது ஒரு நிறுவனம். அலை உயரத்தைச் சொல்வது ஹைதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவைகளுக்கான தேசிய மையம். கப்பலை நிறுத்துவது துறைமுக, கப்பல் நிர்வாகங்கள். வரிசையில் நிற்பவரிடம் வந்து சேர்வதோ இரண்டே சொற்கள்: 'கப்பல் இல்லை'. மூடிய பயணச்சீட்டுச் சாளரமே அவருக்கு வானிலை அறிக்கை. அது முன்னறிவிப்பாக இல்லாமல், நிகழ்ந்து முடிந்ததன் அறிவிப்பாக இருக்கிறது.

சொற்கள் இவ்வாறு வழிதவறுவது புதிதன்று. தமிழகத் துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளை எண்ணிப் பார்க்கலாம். 1 முதல் 11 வரையிலான எண்கள் ஏறுவரிசையிலான ஆபத்து என்றே பொதுமக்கள் கொள்கின்றனர். உண்மையில் 5, 6, 7 ஆகிய மூன்றும் ஒரே தர அபாயத்தைக் குறிப்பவை. புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது துறைமுகத்தின் மீதே கடக்குமா என்பதே அவற்றின் வேறுபாடு. 8, 9, 10 ஆகியவையும் பெரும் அபாயத்துக்கு அப்படியே. 11ஆம் எண், புயல் எச்சரிக்கை மையத்துடனான தகவல் தொடர்பு அறுந்துவிட்டதைச் சொல்கிறது. மாலுமிகளுக்காக உருவான குறியீடு செய்தித்தாள் வழியே வீட்டுக்குள் நுழைந்தபோது பொருள் மாறிப்போனது.

'ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்' என்ற தொடருக்கும் இதே கதிதான். 'ஓரிரு இடங்கள்' என்றால் ஒரு பகுதியின் மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை. 'சில இடங்கள்' 26 முதல் 50. 'பல இடங்கள்' 51 முதல் 75. அதற்கு மேல் 'பெரும்பாலான இடங்கள்'. இந்தக் கணக்கு அறிக்கையோடு வருவதில்லை. ஆகவே மழை பெய்யாத தெருவில் நிற்பவர் அறிவிப்பு பொய்த்தது என்கிறார். 'கூடும்' என்ற விகுதி சுமந்திருந்த ஐயம், வாய்மொழியாகப் பரவும்போது 'வரும்' என்ற உறுதியாகிவிடுகிறது. ஐயம் உதிர்ந்த அறிவிப்பு பொய்த்தால் அது பிழையாக மட்டும் நிற்பதில்லை, ஏமாற்றாகத் தோன்றுகிறது.

மிகையாக அஞ்சவைத்த புயல்களும் உண்டு. 2022 மார்ச்சில் அசானி என்ற பெயர் காத்திருந்த அமைப்பு அந்தமானை ஒட்டி நகர்ந்தது. தீவுகளுக்கிடையிலான கப்பல்கள் நிறுத்தப்பட்டன. அது புயலாக வலுக்காமல் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே மியான்மர் கரையைக் கடந்தது. 2013 நவம்பரில் போர்ட் பிளேர் அருகே புயலாகக் கடந்த லெஹர், வங்கக் கடலில் மிகத் தீவிரப் புயலாக வளர்ந்து ஆந்திரத்தை அச்சுறுத்தியது. இறுதியில் மசூலிப்பட்டினத்தருகே வெறும் தாழ்வு மண்டலமாக ஒடுங்கியது. எச்சரித்தது தவறன்று. எனினும் அந்த நாள்களின் கூலியை இழந்த படகோட்டியும் அறை வாடகை வராத விடுதிக்காரரும் அந்த இழப்பை யார் கணக்கில் எழுதுவர்?

பனிப்புயல் நாடுகளும் இக்கேள்வியைச் சந்திக்கின்றன. உறைமழையைக் கணிப்பது மிகக் கடினம்; காற்றடுக்கில் ஓரிரு பாகை வெப்பம் மாறினால் பனிக்கட்டியாக வேண்டியது வெறும் மழையாகிவிடும். 2015 ஜனவரியில் நியூயார்க் நகரத்துக்கு இரண்டடி பனி வரை அறிவிக்கப்பட்டுச் சுரங்க ரயில் நிறுத்தப்பட்டது. புயல் சற்றுக் கிழக்கே விலகியதால் மத்தியப் பூங்காவில் ஓரடிக்கும் குறைவாகவே பதிவாயிற்று. நியூஜெர்சிப் பகுதிக்கான வானிலை அலுவலகத் தலைவர் பொதுமக்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். லாங் ஐலண்டின் கிழக்குப் பகுதியில் அதே அறிவிப்பு பலித்திருந்தது. ஒரே அறிவிப்பு ஓரிடத்தில் மெய்யாகவும் சில பத்து மைல் தள்ளிப் பொய்யாகவும் இருந்தது.

நம்பிக்கை குலைவதன் விலை கூலியோடும் விமானச் சீட்டோடும் நிற்பதில்லை. 2017 நவம்பர் 29இல் தாழ்வு மண்டலமாகி மறுநாளே ஒக்கி புயலானபோது, குமரி மாவட்ட மீனவர் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தனர். பலர் திரும்பவே இல்லை. 'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்ற வழக்கமான தொடரின் முன்னிலை யார்? கரையில் இருப்பவர். கடலில் இருப்பவரை நோக்கிய வினை அதில் இல்லை. அவரை எட்டும் கருவியும் அன்று போதவில்லை.

சென்னையில் எஸ்.ஆர். ரமணன் 2016 மார்ச்சில் ஓய்வுபெறும்வரை தொலைக்காட்சியில் பெற்ற அன்பு, கணிப்பின் துல்லியத்துக்காக மட்டும் கிடைத்ததன்று. மழை பொய்த்த நாளை அடுத்தும் அதே முகம் திரையில் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் கேலி செய்தபடியே அவருக்காகக் காத்திருந்தனர். புதுதில்லியின் மண்டலச் சிறப்பு வானிலை மையமும் ஒவ்வொரு புயலுக்குப் பின்னரும், கணித்த பாதைக்கும் உண்மைப் பாதைக்கும் எத்தனை கிலோமீட்டர் வேறுபாடு என்று விரிவான அறிக்கை வெளியிடுகிறது. அந்த நேர்மை ஆங்கிலத்தில், அட்டவணைகளுக்குள் இருக்கிறது. படகுத்துறைக்கு அது வருவதில்லை.

வந்தால் எப்படி இருக்கும்? வங்காளத்திலும் இந்தியிலும் தமிழிலும் தெலுங்கிலும் ஹேவ்லாக் படகுத்துறையில் இப்படியொரு பலகை வைக்கலாம்: 'நாளை அலை உயரும். கப்பல் நிற்க வாய்ப்பு அதிகம், ஆனால் உறுதியில்லை. வியாழக்கிழமை விமானம் பிடிக்க வேண்டியவர்கள் இன்றே புறப்படுவது நல்லது.' மறுநாள் அதே பலகையில் இன்னொரு வரி: 'நேற்றுச் சொன்ன அளவுக்கு அலை எழவில்லை, புயல் வடக்கே விலகியது.' இதற்குப் புதிய செயற்கைக்கோள் தேவையில்லை. வானிலையாளரோடு மொழியறிந்த ஒருவரும் அமர்ந்து எழுதினால் போதும். கடலியல் துறையும் மொழியியல் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கும் பல்கலைக்கழகங்களில் இந்த ஆய்வைத் தொடங்குவதற்கு, அடுத்த டிசம்பர்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை.