தேக்காவில் புளூடூத்தைத் திறந்து பார்த்தபோது

சனிக்கிழமை சிம் லிம் டவரில் வாங்கிய யுஎஸ்பி டாங்கிளோடு, ஞாயிறு மாலை சிங்கப்பூர் தேக்காவின் டன்லப் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்கு மேல்மாடி அறைக்கு ஏறினேன். அங்கே தங்கியிருக்கும் தம்பி பொறியாளர். லினக்ஸ் போட்ட மேசைக் கணினியில் புளூடூத் மென்பொருளை மூல நிரலிலிருந்து பில்டு பண்ணிக் காட்டுகிறேன், வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்.

எனக்கு இதில் அக்கறை வரக் காரணம் இந்த ஊர்தான். 2020 மார்ச் 20இல், கோவிட் தொற்றுத் தொடர்புகளைக் கண்டறியும் டிரேஸ்டுகெதர் வந்தது. முதலில் செயலி, பிறகு டோக்கன் என்று, 2023 பிப்ரவரியில் அது நிறுத்தப்படும்வரை சிங்கப்பூரே புளூடூத்தைப் பையிலும் கழுத்திலும் போட்டுக்கொண்டு நடமாடியது. அது காற்றில் என்ன பேசுகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் கண்ணால் பார்த்திருப்போம்? பார்க்க வழி இருக்கிறது, அதுவும் இலவசமாக இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல விரும்புவது.

லினக்ஸில் புளூடூத் என்றால் புளூஸீ. குவால்காமில் இருந்த மாக்ஸ் கிராஸ்னியான்ஸ்கி எழுதி 2001இல் வெளியான மென்பொருள் அது. ஒரு பாதி கர்னலுக்குள் உட்கார்ந்து டாங்கிளோடு பேசுகிறது. மறுபாதி புளூடூத்டி என்ற சேவை. வந்திருப்பது ஹெட்போனா கீபோர்டா, அதை நம்பலாமா என்பதெல்லாம் அதன் பொறுப்பு. நாம் பில்டு செய்யப்போவது இந்த இரண்டாவது பாதியை.

டாங்கிளைச் செருகியதும் தம்பி, கர்னலின் பதிவுகளைக் காட்டும் டிமெசேஜைத் திறந்தார். உள்ளே ரியல்டெக் சில்லு. அதில் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு கணினியில் இல்லை, பிழை எண் -2. லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவி, கழற்றிச் செருகியதும் டாங்கிள் ஹெச்சிஐ0 என்ற பெயரில் எழுந்துகொண்டது. டிமெசேஜின் அந்த ஒரு பிழை வரியைப் பார்க்காமல் விட்டவர்கள்தான் மென்பொருளைக் குறை சொல்லிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். மலிவு டாங்கிள்களில் இன்னொரு தொல்லை, சிஎஸ்ஆர் சில்லு என்று சொல்லிக்கொள்ளும் போலிகள். அவற்றை அடையாளம் கண்டு சமாளிக்கவே கர்னலில் தனியாக நிரல் எழுதியிருக்கிறார்கள்.

அடுத்து, பில்டுக்குத் தேவையான ஜிலிப், டிபஸ், யுடெவ், ரீட்லைன், ஐகல் ஆகியவற்றின் டெவ் தொகுப்புகளை நிறுவியாயிற்று. வெறும் நூலகம் இருந்தால் போதாது. டெவ் இல்லையென்றால், பில்டுக்கு முன் ஓடும் கான்ஃபிகர் பாதியிலேயே நின்றுவிடும். தரவுக் கோப்புறை வழக்கமான வார் என்பதையும் கான்ஃபிகரிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் புதிய சேவைக்குப் பழைய இணைப்புகள் எதுவும் தெரியாது. தம்பி சோதனைக் கருவிகளையும் சேர்த்துக்கொண்டார். அதில் பிடிவர்ட் என்று ஒன்று வருகிறது. டாங்கிளே இல்லாமல் கணினிக்குள் ஒரு போலிக் கன்ட்ரோலரை உருவாக்கித் தரும். கையில் காசில்லாத மாணவருக்கு இது பெரிய வரம்.

மேக் முடிந்தது. அடுத்து மேக் இன்ஸ்டால்தானே என்றேன்.

"வேணாம்ணே. டிஸ்ட்ரோ போட்டதுக்கு மேல நம்ம எழுதினா அடுத்த அப்டேட்ல ரெண்டும் குழம்பிப் போயிரும். இங்கேருந்தே ஓட்டுவோம்."

ஓடிக்கொண்டிருந்த சேவையை நிறுத்திவிட்டு, பில்டு செய்த இடத்திலிருந்தே புதிய புளூடூத்டியை டீபக் வரிகளோடு ஓட்டினார். தினமும் புழங்கும் கணினிக்கு இது பத்திரமான வழி.

பக்கத்து ஜன்னலில், புளூடூத் பேச்சை அப்படியே காட்டும் பிடிமான். தேடலை ஆரம்பித்ததும் திரை நிற்கவே இல்லை. ஞாயிறு மாலை தேக்காவில் தீவின் எல்லா மூலைகளிலிருந்தும் தொழிலாளர்கள் வந்து கூடுவார்கள். கீழே தெருவில் இருந்த போன்களும் இயர்பட்ஸும் தங்கள் இருப்பை அறிவித்துக்கொண்டிருந்தன. ஒரு பதிவை நிறுத்திப் பார்த்தோம். ஒரு முகவரி, அது ரேண்டம் வகை. அலையின் பலம் மைனஸ் 71 டிபிஎம். நிறுவனக் குறியீடு 76, அதாவது ஆப்பிள். பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை. அந்த முகவரியும் வழக்கமாகக் கால்மணி நேரத்தில் மாறிவிடும்.

டிரேஸ்டுகெதரின் புளூட்ரேஸ் நெறிமுறையும் தற்காலிக அடையாளத்தை 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னது. அரசின் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக் அதன் நிரலை ஓப்பன்டிரேஸ் என்று 2020 ஏப்ரலில் பொதுவில் வைத்தது நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த அடையாளத்தை ஆளோடு பொருத்தும் சாவி சுகாதார அமைச்சிடம் இருந்தது. அதை எந்த பிடிமானும் காட்டாது. குற்ற விசாரணைக்குக் காவல்துறையும் அந்தத் தரவைப் பெற முடியும் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் வெளிவந்தது. அடுத்த மாதம் ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் போட்டார்கள். நிரலைப் படிக்கத் தெரிந்தவர்கள் பெருகினால் இப்படிப்பட்ட கேள்விகள் முன்கூட்டியே எழும் என்று நம்புகிறேன்.

கடைசியாக என் ஹெட்போனை இணைத்தோம். இணைந்ததும் வார் லிப் புளூடூத் கோப்புறையில் ஒரு சிறு கோப்பு உருவானது. ரூட்டாகத் திறந்தால் 32 எழுத்தில் இணைப்புச் சாவி, எந்தப் பூட்டும் இல்லாமல். அதே சாவி பிடிமான் பதிவிலும் இருந்தது. பிழை அறிக்கையோடு அந்தப் பதிவை அனுப்புகிறவர்கள், அனுப்புவதற்கு முன் அந்த இணைப்பை நீக்கிவிட்டுப் புதிதாக இணைத்துக்கொள்ள வேண்டும். நாங்களும் அப்படியே செய்தோம்.