டீ ஆறுது!

போன மாசம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையன் பி.காம். இரண்டாம் வருஷம். செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்: "மாமா, 80-20 ரூல் தெரியுமா?"

எனக்கு ஒரே குஷி. நானும் பி.காம். ஆச்சே! சொத்தில் பெரும்பங்கு கொஞ்சம் பேர் கையில் குவிந்து கிடப்பதைக் கணக்குப் போட்டுக் காட்டிய பரேட்டோ என்கிற இத்தாலிக்காரரைப் பற்றி அளக்க ஆரம்பித்தேன்.

"அது இல்ல மாமா. 80 பர்சன்ட் பொண்ணுங்க, 20 பர்சன்ட் பசங்களைத்தான் திரும்பிப் பார்ப்பாங்க. மத்தவனுக்கு சான்ஸே இல்ல!"

"எந்த புக்குலடா இருக்கு?"

"வீடியோல."

காபி கொண்டுவந்த அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ சும்மா இரும்மா. பொம்பளைங்க எல்லாருமே ஒரே மாதிரிதான்!" என்று எரிந்து விழுந்தான். அக்கா பேசாமல் உள்ளே போய்விட்டாள். அத்தான் தவறிய பிறகு தையல் மெஷின் மிதித்து அவனைப் படிக்க வைக்கிறவள்.

இந்த வியாதியின் பூர்வீகம் விசித்திரமானது. 1997-ல் கனடாவில் ஒரு கல்லூரி மாணவி, துணை கிடைக்காமல் தவிக்கிற ஆண், பெண் இருபாலரும் மனசுவிட்டுப் பேச இன்டர்நெட்டில் ஓர் இடம் ஆரம்பித்தார். சில வருஷத்தில் அவர் விலகிக்கொண்டார். அங்கே பிறந்த 'இன்செல்' என்ற பெயரை மட்டும் வேறு ஆசாமிகள் பிடித்துக்கொண்டார்கள். துக்கம் போய், துவேஷம் வந்தது. 2014-ல் கலிபோர்னியாவின் ஐலா விஸ்டாவில் ஒருவன் 6 பேரைக் கொன்றான். 2018 ஏப்ரல் 23-ல் இன்னொருவன் அவனைப் புகழ்ந்து எழுதிவிட்டு, டொரன்டோ நடைபாதையில் வேனை ஏற்றினான். 10 பேர் பலி. படுகாயத்தோடு போராடிய ஒரு பெண் 2021-ல் இறந்துபோனார்.

வீடியோ பார்க்கிற எல்லோரும் வேன் ஏற்றப் போவதில்லைதான். ஆனால், காபி கொடுத்த அம்மாவை அழவைக்கிறார்களே!

நான் மட்டும் என்ன ஒழுங்கா? 24 வயசில் ஆபீஸில் ஒரு பெண்ணிடம் என் விருப்பத்தைச் சொன்னேன். "ஸாரி" என்றாள். சாயந்திரம் டீக்கடையில், "இந்தப் பொண்ணுங்களே இப்படித்தான்" என்று பொரிந்து தள்ளினேன். திட்டத் திட்ட சுகமாகத்தான் இருந்தது.

சீனியர் ஒருத்தர் நிதானமாகக் கேட்டார். "எத்தனை பொண்ணுகிட்ட கேட்டே?"

"ஒருத்திதான் சார்."

"அந்த ஒருத்திக்கு உன்னைப் பிடிக்கலை. அவ்வளவுதான். டீ ஆறுது, குடி!"

செல்போன் அப்படிச் சொல்லாது. ஒரு புலம்பலைப் பார்த்தால், அதைவிடப் பெரிய புலம்பலை நீட்டும். நடுவே, 'ஆம்பளையா மாத்திக் காட்டறேன்' என்று ஃபீஸ் வசூலிக்கிற மகானுபாவர்கள் வேறு. வந்தவன் சந்தோஷமாகிவிட்டால் அவர்கள் கடை படுத்துவிடும். வியாபாரம் சார், சுத்த வியாபாரம்!

மறுநாள் பையனைத் தெருமுனை டீக்கடைக்கு இழுத்துப்போனேன். "யாருடா அந்தப் பொண்ணு?"

ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "க்ளாஸ்மேட் மாமா" என்றான். கண் கலங்கியிருந்தது.

"எத்தனை பேர்கிட்ட கேட்டே?"

"...ஒருத்தி."

மேற்கொண்டு நான் உபதேசம் எதுவும் செய்யவில்லை. டீயைக் காட்டினேன். குடித்தான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே அடுப்படிக்குப் போய், கிடந்த டம்ளர்களையெல்லாம் கழுவிக் கவிழ்த்தான்.

அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "என்னடா பண்ணே அவனை?" என்றாள், பயந்துபோய்.

"டீ வாங்கிக் கொடுத்தேங்க்கா" என்றேன்.